நீரூற்றுத் திட்டில் நின்றவன்

மஞ்சள் நிறம் எனக்கு எடுப்பாக இருக்காது, மேடம். ஒட்டின கன்னமும் இந்த மெலிந்த தோளுமாக மஞ்சள் சட்டை போட்டால் காமாலை வந்தவன் மாதிரி இருப்பேன். ஆனாலும் பதினோரு வருடம் அதைத்தான் போட்டேன். தூரத்திலிருந்து என் மனைவிக்குச் சட்டென்று தெரிவது அந்த நிறம்தான். எங்கள் ஊர் ஒற்றைச் சக்கர சைக்கிள் விழாவில் எனக்குப் பெயரே அப்படி ஆகிவிட்டது. "மஞ்சள் சட்டை வந்தாச்சா? அப்ப அக்கா பின்னாலயே வர்றாங்க" என்பார்கள்.

போன மாதம் விபத்தைப் பற்றி நீங்கள் விசாரித்தபோது நான் சொன்னதில் பாதி உண்மை இல்லை. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்று நானாகவே வந்திருக்கிறேன், ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பல் செட் செய்கிறவன் நான். ஒரு பல் அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தாலும் வாய் சரியாக மூடாது. திரும்ப வாங்கித் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் அறிக்கையில் ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். முக்கியமானது விட்டுப்போயிருக்கிறது. அதில் ஏறினவர்கள் கீழே பார்க்கக் கூடாது, கூட்டத்தையும் பார்க்கக் கூடாது. தூரத்தில் அசையாமல் ஏதாவது ஒன்று வேண்டும். அதில் கண்ணை வைத்துவிட்டால் உடம்பு தானாக நிமிர்ந்துகொள்ளும். சிலர் ஒரு மரத்தைப் பார்ப்பார்கள், சிலர் ஒரு கடையின் பெயர்ப் பலகையை. என் மனைவி என்னைப் பார்ப்பாள். தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கிற வேலை அவளுக்கு. அங்கே நீளமான ஒரு கூடம் உண்டு. முதன்முதலில் அந்தக் கூடத்தில்தான் என்னை ஒரு கோடியில் நிறுத்திவிட்டு ஓட்டிப் பழகினாள். "அசையாதீங்க. கையகூட ஆட்டாதீங்க. நீங்க ஆடினா நானும் ஆடிருவேன்" என்பாள். மூக்கு அரித்தால்கூட நான் சொறிந்ததில்லை.

மூன்று நாள் விழா. கடைத்தெருவில் வண்டிகளையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். ஹோட்டல் சர்வர்கள் கையில் தட்டும் தட்டில் தண்ணீருமாக ஒற்றைச் சக்கரத்தில் பந்தயம் விடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேர் கைகோத்துக்கொண்டு வருவார்கள். ஒன்று விழுந்தால் இருபதும் விழும், அதற்கும் கைதட்டுவார்கள். ஒரு வருடம் மேயர் ஏறிப் பார்த்தார், ஏறின வேகத்திலேயே இறங்கினார். இதெல்லாம் முடிந்து கடைசி நாள் சாயங்காலம் என் மனைவி வருவாள். அவள் சைக்கிளுக்கு 'நெட்டையன்' என்று பெயர். கீழே ஒரே சக்கரம், பன்னிரண்டு அடி உயரத்தில் ஆசனம், நடுவே நீளமான செயின். தீயணைப்பு நிலையத்து மாடி பால்கனியிலிருந்துதான் அதில் ஏற முடியும். அங்கிருந்து தெரு நெடுக வந்து, முனையில் இருக்கிற நீரூற்றைச் சுற்றித் திரும்புவாள். அந்த நீரூற்றின் கல் திட்டில் ஏறி நான் நிற்பேன். ஊரே அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும். அவள் பார்ப்பது என்னை மட்டும்தான். இது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் விழாவுக்கு முந்தின நாள் காலையில் காபி குடிக்கும்போது சொன்னாள். ஊர் ஊராகப் போகிற ஒரு சர்க்கஸ் குழு அவளைக் கூப்பிட்டிருக்கிறது.

"ஒரு வருஷம்தாங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்."

"அப்ப நானும் லீவு சொல்லணும்" என்றேன்.

"நீங்க எதுக்கு அலையணும்? அவங்க ஒரு சிவப்பு லைட் வெப்பாங்களாம். அதப் பாத்தே ஓட்டிக்கலாம்னு சொல்றாங்க. பாவம், நீங்களும் எத்தன வருஷம்தான் கால் கடுக்க நிப்பீங்க."

அன்பாகத்தான் சொன்னாள். அது எனக்கு அப்போதே தெரியும். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். பதினோரு வருடம் நின்றவனுக்குப் பதில் ஒரு பல்பு. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு டம்ளரையும் கழுவி வைத்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் கோபக்காரன் இல்லை; எங்கள் லேபில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பார்க்கிற இடத்தில் நான் இல்லையென்றால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஒரு தடவை தெரியட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் தடுமாறுவாள், தொண்டர்கள் ஏணியோடு ஓடி வந்து இறக்கிவிடுவார்கள். அப்புறம் அவளே "இந்த லைட்டெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க" என்பாள். மூன்று நாளும் இதை யோசித்தேன். யோசிக்க யோசிக்க அது ரொம்ப நியாயமாகத்தான் தெரிந்தது.

கடைசி நாள் சாயங்காலம். அவள் தெருவில் முக்கால் பங்கு வந்தாயிற்று. நான் திட்டிலிருந்து இறங்கினேன். மூன்றே எட்டு. பக்கத்தில் நின்ற தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. அவள் வரும்போது என்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

அவள் தடுமாறவில்லை, மேடம். அது நான் எதிர்பார்க்காதது. நின்றாள். அரை மிதி முன்னால், அரை மிதி பின்னால் என்று நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருப்பது ஒரு வித்தை. அதைத் தொட்டில் போடுவது என்பார்கள். புதிய வித்தை காட்டுகிறாள் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் என்னைத் தேடினாள். லாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்து வழியாக எனக்கு அவள் முகம் தெரிந்தது. பதினான்கு தொட்டில் வரைக்கும் எண்ணினேன். கூட்டத்தின் சத்தத்தில் என் காதில் எதுவும் விழவில்லை. பிறகு அவள் கீழே பார்த்தாள்.

விழுந்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது, முகவாயைக் காப்பாற்றவில்லை. முன்பல் எட்டும் போயின. அந்த எட்டையும் நான்தான் செய்து கொடுத்தேன். பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் வேலை பார்த்தேன். இடது பக்கத்துப் பல் கொஞ்சம் திரும்பியிருக்கும் அவளுக்கு, அதைக்கூட விடவில்லை. எங்கள் லேபில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். என் கையால் நான் செய்ததில் அதுதான் அருமையான வேலை. அவள் முதல் தடவை அதை மாட்டிக்கொண்டு சிரித்தபோது நான் அங்கே நிற்கவில்லை. வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டேன்.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் குளிப்பாட்டுகிறேன், தலை சீவிவிடுகிறேன். முன்னைக்கு இப்போது நாங்கள் நிறையப் பேசிக்கொள்கிறோம். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

வந்ததற்குக் காரணம் செயின்காரர். நெட்டையனைச் செய்து கொடுத்த சைக்கிள் கடைக்காரர். சைக்கிள் கீழே விழுந்தபோது செயின் அறுந்தது. செயின் அறுந்ததால்தான் விழுந்தாள் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அவர் கடையைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள், அடுத்த வாரம் வழக்குப் போடப் போகிறார்கள். அந்த மனிதர் தினமும் எங்கள் வாசலுக்கு வருகிறார். உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை. "மூணு தடவ இழுத்துப் பாத்தேன் சார். எங்கயோ கோட்ட விட்டுட்டேன் போல. மன்னிச்சிருங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நானும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். இருபத்திரண்டு தடவை தட்டிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. செயினில் ஒரு குறையும் இல்லை, மேடம். அவர் கடையைத் திறந்து விடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் மனைவிக்கு இது தெரிய வேண்டாம். அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் கடைசி வரை திட்டிலேயே நின்றதாகவும், அவளைப் பார்த்துக் கையை ஆட்டினதாகவும் சொல்லியிருக்கிறாள். பதினோரு வருடத்தில் நான் ஒரு நாளும் கையை ஆட்டினதில்லை. அடிபட்டதில் நினைவு குழம்பியிருக்கிறது, பாவம். நினைவில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் டாக்டர். டாக்டருக்கு என்ன தெரியும், கூட இருந்து பார்க்கிறவன் நான். அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் நான் செய்த பல்லை வாயில் வைப்பாளா? என்னைத் தலை சீவிவிட விடுவாளா?

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. நேற்றும் செயின்காரர் வந்து அழுதுவிட்டுப் போனார். கட்டிலில் இருந்தபடியே அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே வரப் போகிறேன் என்று அவளிடம் நான் மூச்சுக்கூட விடவில்லை. இன்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சொன்னாள்:

"அந்த மனுசன் கடையத் தொறக்கச் சொல்லிட்டு வாங்க. எல்லாத்தையும் சொல்லிருங்க. நான் கூப்பிட்டதையும் சொல்லுங்க."

மாத்திரை மயக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். பஸ்ஸில் வரும்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கூப்பிட்டாள். சைக்கிள் மேலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. "என்னங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "என்னங்க, எங்க இருக்கீங்க" என்றாள். காதில் எதுவும் விழவில்லை என்றேனே, எனக்கு நன்றாகக் கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.