முகப்பட்டைக்கு அடியில்

குதிரை என்றால் வெல்லத்துக்கு உயிரை விடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் மல்லி வெல்லத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முள்ளங்கிக் கீரை என்றால்தான் கட்டின கயிற்றை இழுத்துக்கொண்டு வருவாள். எங்கள் இண்டூரில் கீரை விற்கிற செல்லியக்கா, வாரத்துக்கு இரண்டு கட்டு அவளுக்கென்றே எடுத்து வைப்பார்.

இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, சசிகலா மேடம். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள். குதிரை மிரண்டதால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்துவிடலாம், நேரில் பார்த்தவன் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும் என்றீர்கள். போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று அடிபட்டுக் கிடக்கிற டீச்சரின் வீட்டுக்குப் போய்வந்த பிறகு மனசு ஒப்பவில்லை. அதனால் நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் முனியப்பன். வயது ஐம்பது. இருபது வருஷம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை ஓட்டினேன். பிறகு இண்டூரில் எங்கள் நிலத்திலேயே ஒரு வட்டத்துக்கு மண் கொட்டி, குதிரையேற்றம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். மல்லியின் கழுத்தில் ஒரே ஒரு கயிற்றைப் போட்டு, சேணம் இல்லாமல், கடிவாளம் இல்லாமல் நான் ஓட்டுகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு ஓசூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். கயிற்று முனியப்பன் என்று பெயரே ஆகிவிட்டது.

அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தலைக்கவசம், மெத்தைச் சட்டை, விழுந்தால் தானாகக் காலை விடுவிக்கிற அங்கவடி என்று யாராவது பேச்செடுத்தால், “ஆடத் தெரியாதவ மேடை கோணலுன்னாளாம்” என்பேன். கூட்டம் சிரிக்கும். குதிரைக்காரனுக்குக் கையும் தொடையும் போதும், மற்றதெல்லாம் கடைக்காரன் பிழைக்கிற வழி என்று மைக் பிடித்தே பேசியிருக்கிறேன்.

மல்லி எப்படி அவ்வளவு அடக்கமாக வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். கல்யாணக் குதிரைக்கு மணியும் கண்ணாடியும் வைத்துத் தைத்த முகப்பட்டை கட்டுவது வழக்கம். அது கண் திருஷ்டிக்கு என்று ஜனங்கள் நம்புவதால் யாரும் தொட மாட்டார்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எந்த மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டதில்லை. எங்களில் சிலர் அதற்கு அடியில் மொபெட்டின் பிரேக் கம்பியை வைப்போம். மூக்கெலும்பின் மேல் குறுக்காகப் படும்படி வைத்து, இரண்டு முனையையும் லகானோடு சேர்த்துக் கட்டினால், மேளம் அடித்தாலும் வெடி வெடித்தாலும் குதிரை அசையாது. மூக்கெலும்பு நம் முழங்கால் எலும்பு மாதிரி, மேலே சதையே கிடையாது.

மல்லியை அப்படித்தான் பழக்கினேன். ஆறு மாதம் கம்பி. அதற்குப் பிறகு கழுத்துக் கயிறு லேசாக அசைந்தாலே போதும், நின்றுவிடுவாள். அவள் மறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வாரம் முன்னால் கம்பியைத் திரும்பக் கட்டுவேன். தழும்பு தெரியாமல் இருக்க, சும்மா நிற்கும்போதும் முகப்பட்டையைக் கழற்றியதில்லை. இதைக் கொடுமை என்று அப்போது நான் நினைக்கவில்லை. லாடம் அடிக்காத வண்டி மாடு உண்டா, மூக்கணாங்கயிறு குத்தாத காளை உண்டா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அமுதவல்லி டீச்சர் வந்தது போன வருஷம் ஆடியில். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பெங்களூரில் முறையாகக் குதிரையேற்றம் படித்தவர். சனி ஞாயிறு வந்து என்னோடு சேர்ந்து வகுப்பெடுத்தார். ஒரு மூட்டை நிறையச் சாமான் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாரையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் ஏற மாட்டார். நான் கேலி பேசினால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

“உங்க கை தங்கம்ங்கண்ணா. உங்களுக்கு எதுவும் வேணாம். எங்களமாதிரி ஆளுங்களுக்கு வேணுமுங்களே. நான் கபடி ஆடின கை, கனமான கை. எங்க இழுத்துத் தொலைச்சிருவனோன்னு எனக்கு எப்பவும் பயந்தானுங்க” என்பார்.

உண்மையில் அவர் கை என் கையைவிட இலேசானது. குதிரைகளுக்கு அது தெரியும். அவர் வந்தால் மல்லி காதை முன்னால் நீட்டுவாள். என்னைக் கண்டால் காதைப் பின்னால் மடிப்பாள். இதை நான் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிறு. நான் கொள்ளு வாங்கப் போயிருந்தபோது டீச்சர் மல்லியைக் குளிப்பாட்டியிருக்கிறார். ஈரம் பட வேண்டாம் என்று முகப்பட்டையைக் கழற்றியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அது அவர் கையில் இருந்தது.

“அண்ணா, இது கம்பி அறுத்த புண்ணுங்க” என்றார்.

எனக்குப் பொய் சட்டென்று வந்தது. இவளை வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, பாலக்கோட்டு வெங்கடாசலம் செய்த வேலை, ஈ மொய்த்து அடிக்கடி திறந்துகொள்கிறது என்றேன்.

அவர் நம்பினார். சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். சண்டை போட்டு அனுப்பியிருப்பேன். அவர் கண் கலங்கி, “நல்லவேளைங்க, உங்க கைக்கு வந்துச்சு இந்த ஜீவன்” என்றார். மேடம், நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்களே, அப்போது நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

டீச்சர் அதோடு விடவில்லை. இரண்டு வாரத்தில் அவர் பள்ளியில் விளையாட்டு விழா. மல்லியை ஓட்டிக் காட்டி முடித்ததும் பெற்றோர்களிடம் பத்து நிமிஷம் பேசப்போவதாகச் சொன்னார். நல்ல சாமான் ஏன் வேண்டும், கெட்ட சாமான் குதிரையை என்ன செய்யும் என்பதற்கு அந்தத் தழும்பையே காட்டப் போகிறாராம். மூக்கு உறுத்தாமல் இருக்க மெத்தை வைத்த முகவார் ஒன்றைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார். வாய்க்குள் இரும்பே இல்லாத கடிவாளம் அது. லகானை அந்த முகவாரின் வளையத்தில் கட்ட வேண்டும்.

அந்த விழாவுக்கு வெங்கடாசலமும் தன் குதிரைகளோடு வருகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் மல்லியை விற்றபோது அவள் மூக்கில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கூட்டத்தில் அவன் பேரைச் சொன்னால் சும்மா இருக்கிற ஆளும் இல்லை.

நான் யோசித்தேன். பதறாமல்தான் யோசித்தேன். டீச்சர் பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டும்போது மல்லி நாலு தடவை தலையை உதறி, எல்லோர் முன்னாலும் அடங்காமல் நின்றால், டீச்சருக்குக் கூச்சமாகிவிடும். சாமானைப் பற்றிப் பேச அன்றைக்கு வாய் வராது. பார்த்தீர்களா, இத்தனை மாட்டியும் என்ன ஆயிற்று என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவிடலாம். யாருக்கும் அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. விழுந்தாலும் மண்தானே, பழகினவர்தானே என்று மட்டும் நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன். விழுவார் என்பதையும் நினைத்துத்தான் இருக்கிறேன்.

விழா அன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தும் வேலையில் டீச்சர் இருந்தார். மல்லிக்குச் சேணம் பூட்டுகிறேன் என்று நானே முன்வந்தேன். புது முகவாரின் மெத்தைக்கு அடியில், பழைய புண்ணின் மேலேயே படும்படி கம்பியை வைத்து, இரண்டு பக்க வளையத்திலும் முறுக்கினேன். மெத்தையும் கறுப்பு, கம்பியில் சுற்றின டேப்பும் கறுப்பு. பட்டையை வழக்கத்தைவிட இரண்டு துளை இறுக்கினேன்.

டீச்சர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தார். வாரில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “எல்லாம் பாத்துட்டீங்களாண்ணா?” என்றார்.

“பாத்துட்டேன் டீச்சர்.”

“அப்ப நான் பாக்கத் தேவையில்லீங்க” என்று சொல்லி ஏறிவிட்டார்.

முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. அவர் கை அவ்வளவு இலேசு. இரண்டாவது சுற்றில் ஒலிபெருக்கி கரகரத்தது. மல்லி எட்டி ஓடப் பார்த்தாள், டீச்சர் லேசாகத்தான் பிடித்தார். அவள் முன்னங்காலைத் தூக்கி நேராக எழுந்தாள். குதிரை எழும்போது கையைத் தளர்த்த வேண்டும், டீச்சரும் தளர்த்தினார், நான் பார்த்தேன். ஆனால் முறுக்கின கம்பி தளரவில்லை. மல்லி மல்லாக்கச் சாய்ந்து அவர் மேலேயே விழுந்தாள்.

எல்லோரும் டீச்சரிடம் ஓடினார்கள். நான் மல்லியிடம் ஓடினேன்.

அவள் எழுந்து நடுங்கிக்கொண்டு நின்றாள். அவள் தலையை என் மார்போடு அணைத்துப் பிடித்து, பட்டையைத் தளர்த்தி, கம்பியைப் பிரித்து உருவிச் சட்டைக்குள் போட்டேன். பத்தடி தூரத்தில் டீச்சர் “காலு தெரியலீங்க, காலு எங்கங்க இருக்குது” என்று கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கம்பியை முழுவதும் எடுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

“முனியப்பன் மட்டும் அந்த நேரத்துல குதிரயப் பிடிக்கலைன்னா டீச்சர மிதிச்சே கொன்னுருக்கும்” என்று வெங்கடாசலமே சொன்னான். உங்கள் ஏட்டும் அதை எழுதிக்கொண்டார். பள்ளியில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. அது இல்லாமல் இருந்தால் தலை பிளந்திருக்கும் என்று தர்மபுரியில் டாக்டர் சொன்னார். அங்கவடியும் சொன்னபடி காலை விட்டிருந்தது. இத்தனை வருஷம் எதையெல்லாம் கேலி பேசினேனோ அதெல்லாம் தன் வேலையைச் செய்தது. ஒரு குதிரையே மேலே விழுந்தால் முதுகெலும்பைக் காக்கத்தான் எந்தச் சாமானும் இல்லை. இடுப்புக்குக் கீழே டீச்சருக்கு உணர்வு போய்விட்டது.

மல்லிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. லாயத்தில் இருக்கிறாள். நான் கையைத் தூக்கினால் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொள்கிறாள்.

இதுவரை எழுதியதற்கே நீங்கள் என்னைப் பிடித்து வைக்கலாம். ஆனால் நான் செய்தது இதோடு முடியவில்லை. என்னைத் தின்பது இனிமேல்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள் பேசவிட்டார்கள். டீச்சரின் கணவர் சந்திரமோகன் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். டீச்சர் கேட்டது ஒரே கேள்வி.

“அண்ணா, மறைக்காம சொல்லுங்க. நான் இழுத்துட்டனாங்க? என் கை கனம்னு எனக்குத் தெரியும். மல்லிக்கு அந்தப் புண்ணு மேல வலிச்சிருக்கும், அதான் தூக்கிருச்சு. அப்படித்தானுங்க?”

இல்லை என்ற ஒரு சொல் போதும். கம்பியைப் பற்றிச் சொல்லக்கூட வேண்டியதில்லை. இல்லை டீச்சர், உங்கள் கை நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் கை சரியாக இருந்தது என்றால் வேறு எது தப்பு என்று அடுத்த கேள்வி வருமே. சாமானை எடுத்துப் பார்ப்பார்களே. முகவாரின் வளையத்தில் கம்பி உரசின கோடு இருக்குமே.

“ஆமாங்க டீச்சர். கை கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு” என்றேன்.

அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, “எனக்குச் சொல்லிக்கொடுங்கண்ணா. இனி ஏறுவனோ இல்லியோ. கையையாவது சரி பண்ணிக்கறேன். மல்லிக்கு நான் செஞ்சதுக்கு அதாவது செய்யணுமுங்க” என்றார்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறுகிறேன். ஏன் போகிறேன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பது பாதி. மீதியை என்னால் சொல்லத் தெரியவில்லை. கட்டில் கம்பியில் இரண்டு துண்டை லகான் மாதிரி கட்டி வைத்திருக்கிறார். நான் போனால் கட்டின முனையை அவிழ்த்துப் பிடித்துக் குதிரை மாதிரி இழுப்பேன், விடுவேன். அவர் விரலைத் தளர்த்தி, கூடவே வருவார். நான் போகாத நாளிலும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியாகச் செய்கிறார் என்று சந்திரமோகன் சொன்னார். அதில்தான் அவருக்கு உயிரே இருக்கிறது என்று சொல்லி எனக்குக் காபி கொடுத்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவர் விரல் தோல் உரிந்து துணி சுற்றியிருந்தது. அந்தக் கை துண்டில் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் குதிரையோடு இருக்கிறேன், அப்படி ஒரு கையை நான் கண்டதில்லை.

“இப்ப இலேசாயிருச்சுங்களாண்ணா?” என்று கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் டீச்சர்” என்றேன்.