கழற்றிக்கொண்டு போகக்கூடிய வகுப்பறை

நான் எப்போது நிறுத்துவேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட கூட்டத் தலைவர், பெரியவர் தேவசகாயம் அவர்களே! பள்ளிக்குழுவின் செயலாளர், பண்பாளர் ரகுநாதன் அவர்களே! பட்டறைச் சங்கு ஊதியதும் பசியோடு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே! செகந்திராபாத்தின் செம்மண்ணில் செந்தமிழ் சேர்த்த ரயில்வே காலனிப் பெருமக்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நம் பள்ளிக்குப் புதிய வகுப்பறைகள் வருகின்றனவாம். வரட்டும், வாழ்த்துகிறேன்! நாச்சாரம் தொழிற்சாலையில் சுவரை வார்க்கிறார்களாம், லாரியில் ஏற்றுகிறார்களாம், நம் மைதானத்தில் நிறுத்தி போல்ட்டு போட்டு முடுக்குகிறார்களாம். கோடை விடுமுறை முடிவதற்குள் கட்டடம் தயாராம்! கேட்கக் கேட்க இனிக்கிறது. இனிக்க இனிக்க எனக்குச் சந்தேகம் வருகிறது.

போன வாரம் குழுவினர் எங்களை அந்தத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள். சாயா கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். பட்டறைக்காரன் சும்மா இருப்பானா? சுவரைச் சுத்தியால் தட்டிப் பார்த்தோம். வெல்டிங்கைத் தடவிப் பார்த்தோம். போல்ட்டின் மரையைக் கூட விரலால் உருட்டிப் பார்த்தோம். வேலை சுத்தம் என்று மெச்சிவிட்டு வண்டி ஏறினோம். சுவரைச் சோதித்தோமே, அந்தச் சுவருக்குள் யாரை வைக்கப் போகிறார்கள் என்று கேட்டோமா?

கேட்டவர் நம் காலனி நாகம்மா ஒருவர்தான். செயலாளரை வழிமறித்தார்.

"எந்தப் பசங்களுக்கு சார் இது?"

"தமிழ் செக்ஷனுக்கும்மா."

"கைக்கு? ஏன் சார், இப்ப இருக்கற செங்கல் கட்டடம் என்னாச்சு?"

"அது இனிமே முழுக்க இங்கிலீஷ் செக்ஷன். இது வேணாம்னா கழட்டி வேற எடத்துல மாட்டிக்கலாம். அதான் இதுல சௌகரியம்."

சௌகரியம்! யாருக்கு ஐயா சௌகரியம்?

நாகம்மாவுக்கு அந்தச் சௌகரியம் தெரியும். தண்டவாள வேலைக்குப் போகும் கேம்ப் கோச்சில், ரயில்பெட்டியையே வீடாக்கி வாழ்ந்தவர் அவர். ஒருநாள் தண்ணீர் பிடித்துத் திரும்பினால் வீட்டைக் காணோம்! எஞ்சின் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. வெளியே வைத்த அடுப்பு மட்டும் புகைந்துகொண்டிருந்தது. சிரிக்கிறீர்கள். அவர் குடத்தோடு அழுதுகொண்டே அடுத்த ஸ்டேஷன் வரை நடந்தார்.

தொழிற்சாலைக்குப் போய்வந்த மறுநாள் நான் செயலாளரிடம் போனேன். "புது அறை அவ்வளவு நல்லது என்றால் இங்கிலீஷ் பிரிவை அதில் வையுங்கள். நாங்கள் பழைய செங்கலுக்குள்ளேயே இருந்துகொள்கிறோம்" என்றேன். அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"உங்க ஆளுங்களே ஒவ்வொருத்தரா புள்ளைய இங்கிலீஷ் பக்கம் மாத்துறாங்க. காலியாகப் போற செக்ஷனுக்குச் செங்கல் எதுக்கு சார்?"

என்ன, பின்வரிசையில் கைதட்டல் நின்றுவிட்டது? சற்றுமுன் இந்த அறை வேண்டாம் என்று "நக்கோ, நக்கோ" கூவிய தம்பி எங்கே? தலையைக் குனியாதே தம்பி, உன்னை மட்டும் சொல்லவில்லை. அதுவரை செயலாளரைச் சந்தேகப்பட்டேன். இன்று உங்களைச் சந்தேகப்படுகிறேன். மேடையில் தமிழ் வாழ்க என்கிறோம், வீட்டில் தாய் தமிழில் கேட்கிறாள், பிள்ளை தெலுங்கில் பதில் சொல்கிறது. நம் பிள்ளைகள் தமிழ் எழுத இந்த ஊரில் நமக்கு இருப்பது இந்த ஒரு பிரிவு. இதுவும் போனால் எங்கே போய்க் கேட்பீர்கள்? எனக்குக் கோபம் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது!

நாளை சேர்க்கை தொடங்குகிறது. தமிழ்ப் பிரிவு நிரம்பி வழியட்டும், செங்கல் கட்டடத்தை விட்டு நம்மை நகர்த்த எவருக்குத் துணிவு வரும்? என் மகள் ஜெயசுந்தரி நாளை தமிழ்ப் பிரிவில்தான் சேர்கிறாள்!

இதோ, முன்வரிசையில் என் மனைவி சாரா எழுந்து நிற்கிறாள். வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை. சொல் சாரா, சபையிலேயே சொல்.

"நான் புள்ளைய கூட்டிட்டு வரேன். இவங்கல்லாம் வருவாங்களா?"

கேட்டீர்களா? நான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிப் பேசியதை ஒரு வரியில் கேட்டுவிட்டாள். நாளைக் காலை பள்ளி வாசலில் நாங்கள் மூவரும் நிற்போம். இங்கே நீங்கள் தட்டும் கையை நான் நம்பமாட்டேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள், நம்புகிறேன்.

பசியோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.