காற்றுத் துளை

ஐயா, அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது அதைச் செய்தால் நல்லது. இடுப்புப் புண் இப்போதுதான் ஆறி வருகிறது.

பக்கவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. காலை முறை தம்பிக்கு, மாலை முறை எனக்கு. தம்பி மனைவி சமையலும் துணியும் பார்த்துக்கொண்டாள். நான் படகு மோட்டார் மெக்கானிக். பட்டறை வீட்டோடு ஒட்டியது. தம்பியின் பழைய மோட்டாரைப் பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்தவன் நான்தான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். அதற்கென்று சின்னப் புட்டியில் கொஞ்சம் பெட்ரோல்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு ஆற்றுக்கு அக்கரையில் வேலை கிடைத்தது. மனைவியோடு அங்கேயே குடிபோக முடிவு செய்தான். "வாராவாரம் வந்து பாத்துட்டுப் போறோம்ணே" என்றான். எனக்கு மூச்சு முட்டியது. மற்ற ஆறு நாளும் அந்த அறையில் நான் ஒருவனாக அல்லாட வேண்டும். அப்பா என்ன, எனக்கு மட்டுமா அப்பா?

ஆகவே மோட்டார் மக்கர் செய்யத் தொடங்கியது. ஒரு நாள் பிளக், ஒரு நாள் வடிகட்டி. எல்லாம் என் கைவேலை. மாற்றிய மோட்டாரில் எது கெட்டாலும் பழி மண்ணெண்ணெய் தலையில்தான் விழும். குடிபோகும் தேதி மூன்று தடவை தள்ளிப்போனது.

தம்பி விவரமானவன். "உன்னை எத்தனை நாள் தொந்தரவு பண்றது, நானே பாத்துக்கறேன்" என்று, மோட்டார் நின்றால் எதை எதைப் பார்ப்பதென்று என்னிடமே கேட்டு, ஒரு அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டான். பிளக், வடிகட்டி, குழாய், கார்புரேட்டர். தொட்டி மூடியை நான் சொல்லவில்லை.

அந்த மூடியில் காற்றுக்கு ஒரு துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் எண்ணெய் இறங்க இறங்கத் தொட்டிக்குள் காற்றில்லாமல் போய், மோட்டார் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு நிற்கும். மெழுகு மண்ணெண்ணெயில் கரைந்துவிடும். துணி சோப்பு கரையாது. உள்பக்கமாக ஒரு சிட்டிகை வைத்து, படகைத் துறையில் கட்டிப்போட்டு ஓட்டிப் பார்த்தேன். எட்டு நிமிடம் ஓடியது.

குடிபோகும் அன்று காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாக இருந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போங்கள் என்றேன். பிறகு சவரமும் செய்துவிடச் சொன்னேன். பத்து மணிக்கு ஓதம் இறங்கி, ஆறு கடலை நோக்கி இழுக்கத் தொடங்கும். அவர்கள் படகேறும்போது பத்து தாண்டிவிட்டது.

முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் மோட்டார் நின்றது. துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புட்டியில் இருந்த பெட்ரோலில் இரண்டு தடவை கிளப்பினான். இரண்டு தடவையும் அணைந்தது. பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்தான். வடிகட்டியைப் பார்த்தான். பதறாமல் வரிசைப்படி செய்தான், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கார்புரேட்டருக்கு வருவதற்குள் படகு மணல்திட்டு அலைக்குள் போய்க் கவிழ்ந்துவிட்டது. தம்பி மனைவிக்கு நீச்சல் தெரியாது. அவளை விட்டுவிட்டு அவன் நீந்தி வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவைப் புரட்டும் நேரமாகிவிட்டதால் வீட்டுக்குப் போனேன்.

படகின் துடுப்புகள் ஏன் என் பட்டறையில் இருந்தன என்று கேட்கிறீர்கள். சாமான் அதிகம், இடம் போதவில்லை. நான்தான் இறக்கி வைக்கச் சொன்னேன். "இருக்கட்டும்ணே, அவசரத்துக்கு வேணுமில்ல" என்றான் தம்பி. "நான் பாத்துக் குடுத்த மோட்டார்டா" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அவர்கள் திரும்பி வரவேண்டும் என்றுதான், ஐயா, இவ்வளவும் செய்தேன்.