என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பதிவேடு

ஏழாம் வாய்க்கால் பாசனதாரர் சங்கத்தின் தலைவராக இந்த அவையை நடத்துகின்ற பெரியவர் அவர்களே, வாய்க்கால் வறண்ட காலத்திலும் கரையை விட்டு நகராத முதியவர்களே, களையெடுத்த கையைக் கழுவிய ஈரத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இருபத்தாறு ஆண்டுகள் திறந்ததைத் திறந்தது என்றும் மூடியதை மூடியது என்றும் எழுதிவைத்த மதகுக்காரர் அண்ணன் அவர்களே, உட்கார இடமிருந்தும் உட்காராமல் வேலியோரம் நிற்கின்ற இளைஞர்களே, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கடைசியாக நான் குறிப்பிட்ட நண்பர்களுக்கு இன்னொரு முறை வணக்கம். உங்கள் கோபத்தில் குற்றமில்லை.

என்னை அறிமுகம் செய்த தலைவர், "பாசன அலுவலகத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றியவர்" என்றார். பண்போடு சொன்னார், பாதியைச் சொன்னார். மீதிப் பாதியைச் சொல்லத்தான் நான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். அந்த அலுவலகத்தின் ஆவணங்களுக்கெல்லாம் பொறுப்பாளன் நான். மக்கள் கேட்டால் ஆவணத்தை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொன்ன இடத்தில், இல்லை என்று எழுதிக் கொடுத்த எழுத்தர் நான்.

இன்று உங்கள் ஏழாம் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை, நான்கு முழு நாள். அதற்காகக் கூடிய கூட்டம் இது. ஆனால் அந்தத் தண்ணீரை வரவழைத்தவர் இந்த மேடையில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மனுக்காரம்மா. கேலிக்கு வைத்த பெயர். இன்று நான் அதை மரியாதைக்குச் சொல்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அவர் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"ஐயா, எங்க வாய்க்காலுக்கு நாலு நாள் முறை. ரெண்டு போகமா ஒரு நாளுக்கு மேல தண்ணி வரல. ஆனா நாலு நாளும் விட்டாச்சுன்னு உங்க ஆபீஸ்ல சொல்றாங்க. மதகு எப்பத் தெறந்தாங்க, எப்ப மூடுனாங்கன்னு எழுதி வெச்சிருப்பீங்கல்ல, அதோட நகல் வேணும்."

எவ்வளவு எளிய கேள்வி, பாருங்கள். நிலம் கேட்டாரா? நிவாரணம் கேட்டாரா? எழுதி வைத்திருப்பதைக் காட்டுங்கள் என்றார். அவ்வளவுதான்.

எழுதித்தான் வைத்திருந்தோம். நீல அட்டை போட்ட பதிவேடு. ஒவ்வொரு மாலையும் இந்த மதகுக்காரர் அண்ணன் எழுதியது. அது எங்கே இருந்தது தெரியுமா? என் நாற்காலிக்குப் பின்னால், இரும்பு அடுக்கில், இரண்டாவது தட்டில். நான் திரும்பவேண்டாம், கையைப் பின்னால் நீட்டினால் போதும்.

நான் கையை நீட்டவில்லை. பொறியாளர் அறைக்குப் போனேன். அவர் தாளைப் படித்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"ரிப்போர்ட்ல நாலு நாள்னு அனுப்பியிருக்கோம். ரிஜிஸ்டர்ல ஒரு நாள்னு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா என்ன ஆகும்? கெடைக்கலன்னு எழுதுங்க."

மிச்ச மூன்று நாள் தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் என்னைக் கேட்கவேண்டாம். மேல் வாய்க்கால்களில் யாருடைய பண்ணை பச்சையாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மேலிடத்துக்குப் போன அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தது யார்? நான்தான். ஆகவே சட்டம் கொடுத்த கெடுவின் கடைசி நாளான முப்பதாம் நாள் எழுதினேன்: "கோரப்பட்ட பதிவேடு கிடைக்கவில்லை."

அவர் மறுபடி மனுப் போட்டார். மறுபடி எழுதினேன்: "தேடப்பட்டு வருகிறது." மூன்றாவது மனுவுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? "மழைநீர் கசிந்து பதிவேடு அழிந்திருக்கக்கூடும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வயலுக்கு வராத தண்ணீர் என் அலுவலகத்துக்கு மட்டும் வழி தெரிந்து வந்ததாம்.

அந்த மூன்றாவது பதிலை வாங்கிக்கொள்ள அவர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதிர் பால் பிடிக்கவேண்டிய வாரம். ஒரு கைப்பிடிக் கதிரை என் மேசைமேல் வைத்தார். அத்தனையும் பதர். விரலால் நசுக்கினால் உமி மட்டும் பிரியும்.

"இதையும் பைல்ல வெச்சுக்கோங்க ஐயா," என்றார்.

குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை. அவர் வாசலைத் தாண்டியதும் நான் அந்தக் கதிரை ஒரு கோப்பு அட்டையால் தள்ளிக் குப்பைக்கூடையில் போட்டேன். மேசை தூசியாகிவிட்டதே என்று துடைத்தேன். அன்று அந்த அறையில் நான் வேறெதையும் நினைக்கவில்லை, தாய்மார்களே.

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: "அப்பவே குடுத்திருந்தா என்னய்யா?" கேளுங்கள் ஐயா, நன்றாகக் கேளுங்கள். அப்போதே கொடுத்திருந்தால் இந்த மேடையில் அவர் நின்றிருப்பார். நான் இந்தப் பந்தலின் நிழலுக்குக்கூட வந்திருக்கமாட்டேன்.

நான்காவது மனு வந்தது. என் முப்பத்தோராண்டுப் பணியில் அப்படியொரு மனுவை நான் படித்ததில்லை. அதில் பதிவேட்டை அவர் கேட்கவேயில்லை. என்ன கேட்டார்? பதிவேடு தொலைந்தது என்கிறீர்கள். தொலைந்தது என்று எழுதியவர் யார்? எந்தத் தேதியில் எழுதினார்? எந்தக் கோப்பில் எழுதினார்? அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும். அப்படி ஒரு பக்கம் இல்லையென்றால், தேடிய அறையை நானே வந்து பார்க்க அனுமதி வேண்டும்.

இருப்பதை இல்லை என்று எழுதுவது எளிது. ஆனால் தொலையாத ஒன்றைத் தொலைந்தது என்று தேதி போட்டு, காரணம் காட்டிக் கையெழுத்துப் போடவேண்டுமே, அந்தக் கை யாருடைய கை? பொறியாளரிடம் போனேன். அவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ஆவணத்துக்குப் பொறுப்பு நீங்கதான? நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. என்னைய ஏன் இழுக்கறீங்க?"

அன்று மாலை வீட்டில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தேன். என் மனைவியிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். பொறியாளர் கைவிட்டுவிட்டதைச் சொன்னேன். ஓய்வு பெற ஏழு மாதமே இருப்பதைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"அந்தம்மா நெலத்துல இப்ப என்ன நிக்குது?"

"தெரியல."

"ஒரு வருஷமா வருது. அதக்கூடக் கேக்கலையா நீங்க?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மனுக்காரம்மாவை அழைத்து, நீலப் பதிவேட்டை அவர் கையில் கொடுத்தேன். என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். கைதட்டாதீர்கள். விழித்தது மனசாட்சியில்லை, பயம். தனியாக மாட்டிக்கொள்வேன் என்கிற பயம். அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தது எது? அவர் கேட்ட கேள்வி. பதிலே இல்லாத இடத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்திய கேள்வி.

காலை பத்து மணிக்கு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவர், அலுவலகம் மூடும்வரை எழுந்திருக்கவில்லை. வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் தட்டச்சு செய்த அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைசியில் என் மேசைக்கு வந்தார்.

"மதகுக்காரரு ஒழுங்கா எழுதியிருக்காரு ஐயா. முதல் நாள் தெறந்தேன், ரெண்டாம் நாள் காலையில மூடச் சொன்னாங்க, மூடுனேன்னு எழுதியிருக்காரு. ஒவ்வொரு முறையும் எழுதியிருக்காரு. அதைப் படிச்சுட்டுத்தான நாலு நாள்னு நீங்க டைப் அடிச்சீங்க?"

"ஆமாம்மா."

"படிக்காம அடிச்சிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்," என்றார்.

அறுபது வயதில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அத்தனையும் மறந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியம் மறக்கவில்லை.

பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அறிக்கையின் நகல் என்று இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டு அதிகாரியிடம் அவர் போனார். வழக்கறிஞர் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. ஒரு தாளை இடப்பக்கம் வைத்தார், ஒரு தாளை வலப்பக்கம் வைத்தார், "படிங்க ஐயா" என்றார். விசாரணை நடந்தது. ஐந்து மாதம் இழுத்தது. பிறகு உத்தரவு வந்தது. முறைப் பட்டியலை ஒவ்வொரு மதகிலும் பலகையில் எழுதி வைக்கவேண்டும். மதகைத் திறக்கும்போதும் மூடும்போதும் கடைமடை விவசாயி ஒருவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அந்த உத்தரவில்தான் உங்கள் வாய்க்கால் நனைந்திருக்கிறது.

ஆனால், அன்பர்களே, இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மனுக்காரம்மாவின் வயலில் இரண்டு போகம் பொய்த்தது, மூன்றாவதும் கருகியது. கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போனார். அவர்களுடைய ஒன்றரை ஏக்கரும் கைமாறிப்போனது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மனுக்காரம்மாவும் ஊரைவிட்டுப் போனார். அவர் போன பதினோராம் நாள் ஏழாம் வாய்க்காலில் நான்கு நாள் தண்ணீர் வந்தது. பதினோரு நாள். நான் "தேடப்பட்டு வருகிறது" என்று எழுதிக் கழித்த காலத்தில் இப்படி எத்தனை பதினோரு நாள் அடங்கும், கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

எனக்கோ வழியனுப்பு விழா நடந்தது. நேர்மையாளர் என்று நாலு பேர் பேசினார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கூட்டத்துக்கு அவரை அழைத்துவரச் சங்கத் தலைவர் என்னைத்தான் அனுப்பினார். போனேன். நகரத்தில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடம். நிலத்துக்கு அடியில், சன்னல் இல்லாத அறை. சுற்றிலும் ஆவி. நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார். நான் கொடுக்காத மரியாதையை எனக்குக் கொடுத்தார்.

"தண்ணி வருதும்மா, நாலு நாளும் வருது. கூட்டம் போட்டிருக்காங்க, நீங்க வரணும்," என்றேன்.

கை நிற்கவில்லை. மடித்துக்கொண்டே பேசினார்.

"சந்தோசம் ஐயா. ஆனா நான் வரல. எங்க நெலத்துல வேற யாரோ மடை திருப்புறத நின்னு பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"உங்களப் பத்தி நான் பேசறேம்மா."

"என்னப் பத்திப் பேசி என்ன ஆகப்போவுது? நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. அடுத்தவங்க ஒரு வருஷம் அலையாம இருப்பாங்க."

அதனால்தான் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் மறுபடியும் பழைய எழுத்தன்தான். பத்தாம் வாய்க்காலிலிருந்து வந்திருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள். பதினான்காம் வாய்க்கால்? அதோ, வேலிப் பக்கம் ஆறேழு பேர். உங்களுக்குத் தண்ணீர் வருகிறதா? வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா? மழை இல்லை என்றார்கள், நம்பினீர்கள். அணையில் இல்லை என்றார்கள், அமைதியானீர்கள். உங்கள் வாய்க்கால்களுக்கும் நான்கு நாள் தண்ணீர் விட்டதாக ஒன்பது ஆண்டுகள் அறிக்கை போயிருக்கிறது. உங்கள் அறிக்கைகளையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? நில்லுங்கள், நில்லுங்கள். அந்தக் கோபத்தோடு நேராக அலுவலகத்துக்குப் போங்கள். கல்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தாளை எடுத்துக்கொண்டு போங்கள். கெஞ்சப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். கிடைக்கவில்லை என்பார்கள், தேடிய இடத்தைக் காட்டு என்று கேளுங்கள். அழிந்துவிட்டது என்பார்கள், அழிந்தது என்று எழுதிய பக்கத்தைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் ஓராண்டு அலைக்கழிப்பார்கள். ஊரே கேட்டால் எத்தனை நாற்காலிக்குப் பின்னால் எத்தனை பதிவேட்டை ஒளிக்கமுடியும்? மனுக்காரம்மா தனியாகக் கேட்டார். அதனால்தான் அவர் நிலம் போயிற்று. நீங்கள் யாரையும் தனியாகக் கேட்கவிடாதீர்கள்.

போன வாரம் நானும் ஒரு மனுப் போட்டிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளில் கடைமடைகள் அனைத்தையும் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகளின் நகல் வேண்டும், தயாரித்தவர்களின் பெயரும் வேண்டும் என்று. எழுதி முடித்ததை என் மனைவி வாங்கிப் படித்தாள்.

"இதுல முதல் பேரு உங்க பேருல்ல வரும்?"

"ஆமா."

"வரட்டும்," என்றாள். உறையை அவளே ஒட்டினாள்.

முப்பது நாளில் பதில் வரவேண்டும். வந்ததும் சங்கத்து வாசலில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதற்குமேல் நீங்கள் என்னை என்ன செய்தாலும் அது உங்கள் உரிமை.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பிடிக்காவிட்டாலும் பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், ஒரு குற்றவாளிக்கு ஒலிபெருக்கி கொடுத்த சங்கத்தார்க்கும், இந்நேரம் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாவுக்கும் என் நன்றி. பத்தாம் வாய்க்கால், பதினான்காம் வாய்க்கால் மக்களே, மேடைக்குப் பின்னால் மேசை போட்டிருக்கிறது, தாளும் பேனாவும் இருக்கிறது. இறங்கியதும் அங்கேதான் உட்காரப்போகிறேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். வணக்கம்.