ஒட்டுக்கன்றுகள்

இந்தப் பெண்ணின் வலது தோட்டில் திருகாணி கழன்றிருக்கிறது, சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அவர் என்னை விசாரிக்க வந்த அதிகாரி தினேஸ்வரி. "டீய குடிங்க அக்கா, ஆறிடும்" என்றார்.

நான் புனிதா. ஈப்போவில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தேன். முட்டையையும் விந்தணுவையும் கண்ணாடித் தட்டில் சேர்த்துக் கருவாக்குவது என் வேலை. கை சுத்தமானவள் என்று பெயர்.

எங்களிடம் வந்தவர்களில் பலர் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள். கருவைத் திரையில் காட்டினால் கும்பிடுவார்கள். சிலருடைய கரு தட்டிலேயே வளராமல் நின்றுவிடும். செமோர் மாரியம்மாவுக்கு மூன்றாவது முறையும் அப்படி ஆனது. அது இன்னும் தெரியாத அவர் திருநீற்றுப் பொட்டலத்தை மடித்து மடித்துப் பார்த்தபடி, "இந்தத் தடவயாச்சும் நிக்குமா அக்கா?" என்றார். நிற்கும் என்றேன். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது.

உறைகலனில் யாரும் கேட்டு வராத கரு ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பிரித்தேன். ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது, பிறகு எட்டு. என் அப்பா இராமசாமி, தோட்டத்து நர்சரியில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். ஒரு தாய்மரத்தில் கண் எடுத்து ஆயிரம் கன்றுகளில் வைப்பார். ரப்பர்ப் பால்காடு முழுவதும் ஒரே மரம்தான். அதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

எட்டில் ஐந்து தங்கின. ஐந்தும் பெண்கள். முகம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தெரியும். அதனால் ஊர் பார்த்துக் கொடுத்தேன். செமோரில் மாரியம்மாவுக்கு ஒன்று, லூமுட்டில் துளசிக்கு ஒன்று, மற்றவை இன்னும் தொலைவில். பதிவேடுகளில் அவரவர் கரு என்றே எழுதினேன். எல்லாவற்றையும் யோசித்த நான் நேர்த்திக்கடனை மறந்துவிட்டேன். தவமிருந்து பெற்ற பிள்ளைக்குத் தைப்பூசத்தில் முடி இறக்காமல் யார் இருப்பார்கள்?

இந்த ஆண்டு கல்லுமலைக் கோயிலில் மாரியம்மாவும் துளசியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர். முடி போனதும் மறைக்க எதுவும் இல்லை.

"ஐயோ, எது என் பிள்ளன்னே தெரியல லா!" என்றார் துளசி.

"பாத்துத் தூக்குங்க, என் பிள்ளய லூமுட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க! உங்களுது சாப்புடுமா?"

"எங்க! ஒரு வாய் ஊட்ட வீடெல்லாம் ஓடணும்."

"அப்ப மாத்திக்க வேணாம். நமக்கு நம்ம எருமையே போதும்."

இருவரும் சிரித்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காகத்தான் இன்று அதிகம் வெட்கப்படுகிறேன்.

ஏப்ரலில் பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த துளசியின் மகள் விழுந்தாள், எழவில்லை. இதயத்தில் கோளாறு, பரம்பரையாக வருவது என்றார்கள். செய்தி அறிந்த மாரியம்மா, இரண்டுக்கும் ஒரே முகமாயிற்றே என்று பயந்துபோய்த் தன் மகளைப் பரிசோதிக்க வைத்தார். அதே கோளாறு. அந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைத்துவிட்டது. பிறகு இரு வீட்டாரும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள்.

நான் லூமுட்டுக்குப் போனேன். சாவு வீட்டுக்கு எதிரில் காரை நிறுத்தி, இறங்காமல் திரும்பினேன்.

என் கணவர் உடையப்பன் முப்பத்தொரு வயதில் பூப்பந்து மைதானத்தில் விழுந்து இறந்தார். அவருடைய அக்கா நல்லம்மாளும் அப்படித்தான் போனார். அடுத்த ஆண்டு என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உறைகலனில் இருந்த கரு எங்களுடையது. அதைச் சோதிக்கும் வசதி என் மேசையிலேயே இருந்தது. சோதித்தால் தூக்கி எறிய வேண்டி வரும் என்று சோதிக்கவில்லை. இவ்வளவும் நான் செய்தது.

தினேஸ்வரி ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "இன்னும் மூணு பிள்ளைங்க இருக்குங்க. கிளினிக்குக்கு வந்த ஆயிரம் குடும்பத்தயும் தேடி முடிக்கறதுக்குள்ள என்ன வேணா ஆகலாம். பேர மட்டும் எழுதுங்க அக்கா. மருந்து குடுத்தா பொழச்சுக்கும்."

அவர் சொல்வது சரிதான். ஆனால் பெயர் எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்னைக் குற்றவாளியாகத்தான் தெரியும். வளர்ந்து விவரம் புரிந்தபின் அவர்களே என்னைத் தேடி வருவார்கள் என்றுதான் இத்தனை நாள் காத்திருக்கிறேன்.

தாளை மெல்ல அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

"முடியாதும்மா. ஏற்கனவே ஒரு பிள்ளய பறிகுடுத்துட்டேன். மிச்சத்தையும் என்கிட்ட இருந்து பிரிக்காதீங்க."