லண்டன்காரன் வாயில் என் பெயர்

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள் ஹெப்சிபா. எங்கள் வீட்டில் எல்லாரும் சர்க்கரைக்குப் பயந்தவர்கள், வருகிறவர்களுக்கும் கை தானாகக் குறைத்துப் போட்டுவிடுகிறது. பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தண்டையார்பேட்டை வெயிலில் காது மெஷின் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், வெறும் வயிற்றோடு அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது.

மெஷின் எப்படிக் கெட்டது என்றுதானே கேட்டீர்கள். அம்மா தெரியாமல் செய்துவிட்டாள், அது விபத்து என்று என் மகள் நவ்ரீன் உங்களிடம் போனில் சொல்லியிருக்கிறாள். விபத்தென்றால் கேரண்டியில் புது மெஷின் கிடைக்கும் என்று நீங்களும் சொன்னீர்களாம். அவள் மணலி புதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். அது விபத்து இல்லை.

முதலில் என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜஸீமா. அழகான பெயர்தானே. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் முதஸ்ஸிர் என்னை ‘ஏமே’ என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான். சாயங்காலமானால் நாலு வாசலிலிருந்தும் ‘ஏமே’ என்று சத்தம் வரும், எது நம் வீட்டு ‘ஏமே’ என்று குரலை வைத்துக் கண்டுபிடித்து நாங்கள் ஓட வேண்டும். ஒருமுறை நான் பக்கத்து வீட்டு ஏமேவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், மனுஷன் குடித்தும் விட்டார்.

அவருக்குக் கப்பல் ரிப்பேர் பட்டறையில் சிப்பிங் வேலை. கப்பலில் ஏறிய துருவைச் சுத்தியால் தட்டித் தட்டி உரிக்க வேண்டும். அங்கே வந்த மாலுமி ஒருவன் அவருக்கு ஒரு கேசட் கொடுத்தான். ஏதோ இங்கிலீஷ்காரப் பையன்களின் பாட்டு, புது அலை என்பார்களாம் அந்த வகையை. குழுவின் பெயர் வெட் அம்ப்ரெல்லாஸ், நனைந்த குடைகள். குடை என்றால் நனையத்தானே செய்யும், இதைப் பெயரென்று வைப்பானேன் என்று கேட்டேன். அட்டையில் நாலு பேரும் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, ஷாக் அடித்தது போலத் தலைமுடியைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நின்றார்கள்.

கல்யாணமான புதிது. அந்த கேசட்டைப் போட்டுவிட்டு, “கேளுமே, லண்டன்காரன் உன் பேரத்தான் பாடிகினு கீறான்” என்றார். காதை வைத்துக் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே அந்தப் பையன், ஜஸீமா, ஓ ஜஸீமா என்று நிஜமாகவே உருகிக்கொண்டிருந்தான். இவரும் கூடவே பாடினார். என் புருஷன் வாயிலிருந்து என் பெயரை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். அதற்குப் பிறகும் அந்தப் பாட்டில் மட்டும்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. காசிமேட்டில் போட் வைத்திருக்கும் பொன்ராஜ் அவருடைய தோஸ்து. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா தங்கச்சி, லண்டன்காரன் லெட்டர் கிட்டர் போட்டானா” என்று கலாய்ப்பார். கல்யாண வீடுகளில் புதுப்பெண்களுக்கு என்னைக் காட்டி, இவங்க பேரு வெளிநாட்டுப் பாட்டுல வருது என்பார்கள். நானும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். மனுஷிக்கு ஏதாவது ஒன்று வேண்டாமா?

கேசட் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அறுந்தது. அவர் காதும் சுத்திச் சத்தத்தில் அப்படித்தான் தேய்ந்துபோனது. ஆனாலும் சவரம் செய்யும்போது அந்தப் பாட்டைத் தானே பாடிக்கொள்வார். அது எனக்குப் போதுமாக இருந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் நீங்கள் இன்றைக்கு இங்கே வந்திருக்க வேண்டியதே இல்லை.

எங்கள் கல்யாண நாளுக்கு நவ்ரீன் ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு பெரிய இசைத்தட்டும் வாங்கி வந்தாள். வெட் அம்ப்ரெல்லாஸின் ஹிட் பாட்டெல்லாம் ஒரே தட்டில், ரீமாஸ்டர் செய்ததாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பழைய பாட்டில் இருக்கிற அழுக்கு, இரைச்சல் எல்லாவற்றையும் எடுத்து வெளுத்துத் தருவார்கள் என்றாள். வண்ணாரப்பேட்டையில் பிறந்தவளுக்கு வெளுப்பதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா? எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இனி என் பெயர் பளிச்சென்று கேட்கும் என்று நினைத்தேன்.

பளிச்சென்றுதான் கேட்டது. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நவ்ரீன் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “அம்மா, அவன் ஜஸீமான்னு பாடல. ஜஸ்ட் சீ மீன்னு பாடுறான். என்னைக் கொஞ்சம் பாரேன்னு அர்த்தம்.” அவருக்கு அது காதில் விழவில்லை. பெட்டி மேல் கையை வைத்து அதிர்வைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியாமே, உன் பேரு இன்னமா கணீர்னு கீது” என்றார். நான் மகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவள் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டாள். அதோடு விட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆசையாக வாங்கிக் கொடுத்த பாட்டை அத்தா சரியாகக் கேட்க முடியவில்லையே என்று உங்கள் கம்பெனிக்குக் கூட்டிப்போய் மெஷின் மாட்டிவிட்டாள். நீங்கள்தானே மாட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் குழாய் சொட்டுவதைக் கேட்டு நின்றார். பாங்கு சொல்லும் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினார். நவ்ரீனின் பிள்ளை போனில், “நன்னா, நீங்க எப்ப வருவீங்க” என்று கேட்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதார். பேரன் குரலை அதுவரை அவர் கேட்டதில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை எங்கே போகப் போகிறது, இன்னும் எத்தனையோ பேசும்.

“ஞாயித்துக்கெயம பொன்ராஜ இட்டாந்து ரெக்கார்டு போடப்போறேன். இப்பதான் காது கீதே” என்றார். ஊரைக் கூட்டிவைத்து அவர் கேட்கப்போவது என் பெயரை இல்லை. அப்புறம் எந்த வாயால் அவர் ஜஸீமா என்று பாடுவார், சொல்லுங்கள்.

அவர் குளிக்கப் போகும்போது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்தச் சட்டையைச் சோப்புத்தூளில் ஊறவைத்தேன். வயசானவள் மறந்துவிட்டாள் என்று எல்லாரும் நம்பினார்கள். நவ்ரீன் ஓடி வந்து, போன் நனைந்தால் செய்வோமே, அதே மாதிரி பேட்டரியைக் கழற்றிவிட்டு மெஷினை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிடும் என்றாள். காய்ந்தும்தான் இருக்கும், அரிசி நல்ல அரிசி. நான் என்ன செய்ய, அதே டப்பா அரிசியை எடுத்து ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டேன்.

தெரியாமல் போட்டேன் என்கிறார்கள். நான் கல் பொறுக்குகிற கை ஹெப்சிபா. அரிசியில் எள்ளளவு கல் இருந்தாலும் என் விரலுக்குத் தெரியும். முந்திரிப்பருப்பு அளவு மெஷினா தெரியாது? மசாலாவோடு சேர்த்து, மேலே அரிசியைப் பரப்பி, மூடியில் நெருப்புத் துண்டு வைத்து, பக்குவமாகத்தான் வேகவிட்டேன். பேட்டரி அதில் இல்லை, அதையும் பார்த்துக்கொண்டேன். விருந்தாளிகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் முகத்தில் முழிக்க முடியாது.

அது பொன்ராஜ் தட்டில் போய் விழுந்தது. நறுக்கென்று கடித்துவிட்டு, “இன்னா தங்கச்சி, ஏலக்கா இம்மாம் பெருசா கீது, வெளிநாட்டு ஐட்டமா” என்று கேட்டார். அவர் வாயிலிருந்து எடுத்துப் பார்த்து நவ்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு மெஷின் இல்லாமலே ரெக்கார்டு போட்டார்கள். என் வீட்டுக்காரர் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு ஜஸீமா, ஓ ஜஸீமா என்று கூடவே பாடினார். பொன்ராஜுக்கு இங்கிலீஷ் தெரியாது. அருமையான விருந்து.

அதற்குப் பிறகு எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. சைக்கிளின் பின்சக்கரம்தான் போனது. அவருக்குக் கையில் ஒரு கட்டு, அவ்வளவுதான். சைக்கிள் பழசு, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

ரெக்கார்டை உடைத்துப் போட்டிருக்கலாமே, மனுஷன் காதை எதற்குக் கெடுத்தீர்கள் என்று முகத்தில் எழுதி ஒட்டியது போலப் பார்க்கிறீர்கள். அதில் என் பெயர் இருக்கிறதே. தன் பெயரைத் தானே யாராவது உடைப்பார்களா?

இன்னொன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. அது பெரிய விஷயமில்லை. சட்டையை ஊறவைத்தேனே, அன்றைக்குக் காலையில் நான் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். ரெக்கார்டு பெட்டியின் மூடி திறந்திருந்தது, தட்டு அதன் மேலேயே இருந்தது, ஊசி அதன் கடைசிக்குப் போய் நின்றிருந்தது. தூசி துடைத்திருப்பார். காதில் மெஷினோடு அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், “ஜஸீமா, ஒரு டீ குடு” என்றார்.

பாட்டாக இல்லை, பேச்சாக. யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவரை இந்த மெஷின் மூளை குழம்ப வைத்துவிட்டதே, இதை வீட்டில் விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் குளிக்கப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

இப்போது சரியாகிவிட்டார். பழையபடி ஏமேதான். அதனால் உங்கள் கம்பெனியில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள், வேண்டுமென்றே கெடுத்தார்கள், வேறு மெஷின் தர முடியாது என்று. நவ்ரீனை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அதோ, உள்ளே சவரம் செய்துகொண்டே பாடுகிறார், கேட்கிறதா? என் பெயர்தான். டீ ஆறுகிறது என்று நானும் நீங்கள் வந்ததிலிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.