தங்கத்தாய் வீட்டுக்காரர் பேரு

சுடலைமுத்து: ...இப்பல்லாம் எவன் ஆளு மூஞ்சியப் பாக்கான்? பஸ்ல ஏறுனா சில்லறையப் பாக்கான். குத்தாலத்துக்கு வாரவன் அருவிய விட்டுட்டு கேமராவப் பாக்கான். டாக்டரம்மா, நீங்க டிவிப் பொட்டியப் பாக்கிய. சீழு கட்டிக் கெடக்கது எம் பொண்டாட்டி கால்ல, பொட்டிக்கில்ல.

டாக்டர் சாவித்ரி: டிவி இல்ல பெரியவரே, கம்ப்யூட்டர். அப்பா வைத்தியம் பாத்த காலத்துச் சீட்டெல்லாம் இதுல ஏத்தியாச்சு. சீட்டைத் தேடி எடுக்கிற புரோகிராமுன்னு மதுரைக்காரர் ஒரு பிளாப்பி தந்திருக்கார், எர்ணாகுளத்துக்காரர் ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள எது வேணும்னு சொல்லணும்.

சுடலைமுத்து: கத்தரிக்கா வாங்குற மாதிரி அமுக்கிப் பாத்து வாங்குங்க. மொதல்ல ஊசியப் போடுங்க.

டாக்டர்: பழைய சீட்டைப் பாக்காம போட மாட்டேன். போன மாசம் ஒரு தங்கத்தாய் சீட்டைப் பாத்து இன்னொரு தங்கத்தாய்க்கு மாத்திரை எழுதிட்டேன். நம்ம நர்ஸ் நூர்நிஷா ஓடிப் போய் பஸ்ஸை மறிச்சுத் திருப்பி வாங்கிட்டு வந்தா.

தங்கத்தாய்: எங்க வடகரையில தெருவுக்கு ஒரு தங்கத்தாய் உண்டும்மா.

டாக்டர்: அதான் ஆச்சி. முதல்ல மதுரைக்காரர் பிளாப்பி. பேரு தங்கத்தாய்... ஊரு வடகரை... வீட்டுக்காரர் பேரு?

தங்கத்தாய்: அது... சாமி பேருதான்.

டாக்டர்: எந்தச் சாமி?

தங்கத்தாய்: சுடுகாட்டுப் பக்கமா நிப்பாகல்லா... பெரிய மீசை வச்சு...

சுடலைமுத்து: ஏட்டி, வாய மூடு! கல்யாணமான நாள்லருந்து சொல்லாதவ, ஒரு பொட்டிக்காகச் சொல்லப் போறியாக்கும்?

டாக்டர்: அப்ப நீங்களே சொல்லுங்களேன்.

சுடலைமுத்து: நான் எதுக்கு? எல்லாந் தெரிஞ்ச மிஷினுன்னுதான வாங்குதிய. அதுவே சொல்லட்டும்.

டாக்டர்: சரி, வெறுமனே விட்டுட்டு... ஐயோ.

சுடலைமுத்து: ஏன் கீச்சு கீச்சுங்கு?

டாக்டர்: புருஷன் பேரை அடிக்காம அடுத்த வரிக்கு விடமாட்டேங்குது.

சுடலைமுத்து: இவளும் சொல்ல மாட்டா, அதுவும் நகராது. நல்ல சோடி! ரெண்டும் இங்கனயே கெடங்க.

தங்கத்தாய்: நான் வேணா எந்திரிச்சுப் போயிரட்டாம்மா?

டாக்டர்: உக்காருங்க ஆச்சி. தென்காசில பாதிப் பொம்பளைங்க உங்கள மாதிரிதான். இதை எழுதினவங்களுக்கு அது தெரியல... பிளாப்பிய எடுத்தாச்சு. இப்ப எர்ணாகுளம்.

சுடலைமுத்து: மலையாளத்துல கேக்குமோ?

டாக்டர்: சும்மா இருங்க. தங்கத்தாய்... வடகரை... வீட்டுக்காரர் பேரு, விட்டாச்சு... தாண்டிடுச்சு! வரிசையா தங்கத்தாயா வருது. ஆச்சி, முன்னால இங்க எதுக்கு வந்தீங்க?

தங்கத்தாய்: நெல்லறுக்கையில கையில அருவா பட்டுட்டு. உங்க அப்பா இருக்கையில. அப்புறம் மயங்கிட்டேன்... ஒண்ணும் நெனவில்ல.

டாக்டர்: கையில வெட்டு... இருக்கு! ஆச்சி, இருக்கு! "பென்சிலின் ஊசி போட்டதும் மூச்சு முட்டியது. உடம்பெல்லாம் தடிப்பு. இனி போடவே கூடாது." அப்பா எழுதினது!

தங்கத்தாய்: ஆத்தாடி... அந்தத் தட்டுல இருக்க ஊசி?

டாக்டர்: அதேதான். இந்தா, குப்பையில போட்டாச்சு. வேற மருந்து தாரேன். ஜெயிச்சுட்டோம் ஆச்சி! எர்ணாகுளம்தான், இனி யோசனையே இல்ல.

தங்கத்தாய்: நான் பேரைச் சொல்லாமலே ஜெயிச்சுட்டேம்லா!

டாக்டர்: பெரியவரே, இப்ப என்ன சொல்லுதீங்க?

சுடலைமுத்து: கரண்டு போனா?

டாக்டர்: வந்ததும் பாப்பேன்!

சுடலைமுத்து: ஆங்... ஏட்டி, மருந்த வாங்கிட்டு வா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கேன்.

டாக்டர்: ஒரு நிமிஷம் நில்லுங்க. அன்னைக்கு நீங்கதான கூட வந்தது? இந்த ஊசி ஆகாதுன்னு அப்பா உங்ககிட்ட சொல்லலையா?

சுடலைமுத்து: சொல்லாமலா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்ல வச்சாரு. பென்சிலினு, பென்சிலினுன்னு அன்னையிலருந்து வரப்புல நடக்கையிலயும் சொல்லுதேன். நீங்க அந்த ஊசியத் தொட்டிருந்தா கையப் பிடிச்சு முறுக்கியிருப்பேன். ஊசியப் போடுங்கன்னது பொட்டியச் சோதிக்கத்தான்... இன்னைக்கு ஒரு தடவ பொட்டி சொல்லிட்டு. நாளைக்கும் சொல்லுமான்னு எவன் கண்டான்? நான் வாரேன்.